தொரைக்கு வெள்ளிக் காது

உடையப்பன் வீட்டுப் பூனைக்குத் தொரை என்று பெயர். வெள்ளையாக இருந்தது. மூக்கு சிவந்திருந்தது. வேலை எதுவும் செய்யாமல் காலையும் மாலையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உடையப்பனுக்கு வேறு பெயர் தோன்றவில்லை.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளர் லயத்தில் இருந்தவர்கள் கிடைத்த இடத்துக்குப் போனார்கள். உடையப்பனும் அவர் மனைவி செல்லாயியும் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். அப்போது குட்டியாக இருந்த தொரையைப் பால்வாளியில் வைத்துச் சாக்கால் மூடிக் கொண்டுவந்தார்கள். பழைய லயத்துக் குடும்பங்கள் சிலவும் அதே வரிசைக்கு வந்து சேர்ந்தன. வீடுகளுக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை. மலையடியில் கல் உடைக்கும் ஆலை. உடையப்பன் அங்கே லாரி ஓட்டினார். மகளைப் பாரிட் புந்தாரில் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் மூன்று பேர். மூன்றாவது ஆள் பகல் முழுக்க அடுப்படித் தகரக் கூரைமேல் வெயில் காயும். சாயங்காலம் உடையப்பன் வந்து படுத்தால் அவர் வயிற்றின்மேல் ஏறிப் படுக்கும். அவர் புரள மாட்டார்.

எண்பத்தொன்றாம் வருடம் தொரையின் காது நுனியில் ஒரு புண் வந்தது. செல்லாயி மஞ்சள் பூசினார். காது மஞ்சளாகியது, புண் ஆறவில்லை. ஊதா மருந்து பூசினார். காது ஊதாவாகியது. அடுத்த காதிலும் புண் வந்தது. தொரை இரண்டு நிறத்தில் கூரைமேல் உட்கார்ந்திருந்தது.

ரோத்தான் பிரம்புக் கூடையில் வைத்து ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். கால்நடை டாக்டர் ஐயாத்துரை அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, டவுனில் கிளினிக் வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வாழ்நாளெல்லாம் எருமைக்கு ஊசி போட்ட கை. அந்தக் கையால் தொரையின் காதை மெதுவாகப் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் சுரண்டி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அடுத்த வாரம், "புற்றுநோய்," என்றார்.

"யாருக்குங்க?" என்றார் உடையப்பன்.

"பூனைக்குத்தான். நீங்கள் நல்லா இருக்கிறீங்கள்."

"பீடி சுருட்டு எதுவும் பழக்கமில்லீங்களே டாக்டர், அதுக்கு."

"வெயில். வெள்ளைத் தோலுக்கு இந்த ஊர் வெயில் ஆகாது. உங்கட தோட்டத்துத் துரைமார் ஏன் தொப்பி போட்டுக்கொண்டு திரிஞ்சவை எண்டு நினைக்கிறீங்கள்?"

"மரியாதைக்குன்னு நெனச்சோம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு காதையும் வெட்ட வேணும். இப்ப வெட்டினால் பிழைக்கும். விட்டால் தலைக்குள்ள போகும்."

செல்லாயி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். "காது இல்லாட்டி எப்பிடிங்க கேக்கும்?"

"கேட்கிறது உள்ளுக்க இருக்கிற காது, அம்மா. அது இருக்கும். இப்ப கூப்பிட்டால் வருமோ?"

"வராதுங்க."

"அப்ப வித்தியாசம் தெரியாது."

பிறகு செலவைச் சொன்னார். மயக்க மருந்து, வெட்டு, தையல், அதன் பிறகு ஊசிகள். எல்லாம் சேர்ந்து உடையப்பனின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிப் போனது.

"அந்தக் காசுக்கு ஒரு மாடே வாங்கலாமே டாக்டர்."

"ஓம், வாங்கலாம். இரவைக்கு எங்க படுக்க வைப்பீங்கள்?"

உடையப்பன் கூடைக்குள் பார்த்தார். தொரை கொட்டாவி விட்டது.

வீட்டுக்கு வந்ததும் செல்லாயி மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டார். "காத நீ எடுத்துக்க தாயே. உசுர மட்டும் விட்டுரு. வெள்ளியில ரெண்டு காது வாங்கி ஒனக்குப் போடுறேன்." கண் நோவுக்குக் கண், கால் நோவுக்குக் கால் என்று வெள்ளித் தகட்டு உரு வாங்கிச் சாத்துவது அவர்கள் தோட்டத்து வழக்கம். பூனைக்கு யாரும் சாத்தியதாக அவர் கேள்விப்பட்டதில்லை. கூடாது என்றும் கேள்விப்பட்டதில்லை.

சாமிக்குத் தவணை உண்டு. டாக்டருக்கு இல்லை. உடையப்பனுக்கு இருந்த ஒரே வழி கூட்டுக் காசு.

மாதத்தின் முதல் ஞாயிறு ராக்காயி வீட்டில் கூட்டு கூடும். எல்லாரும் ஆளுக்கு ஒரு தொகை போடுவார்கள். மொத்தத்தையும் ஒருவர் எடுத்துக்கொள்வார். எந்த மாதம் யாருக்கு என்பது வருடத் தொடக்கத்திலேயே குலுக்கல் போட்டு முடிவாகியிருக்கும். ஒரே ஒரு விலக்கு உண்டு. ஒருவர் வீட்டில் நோவோ சாவோ வந்தால் அவருக்குத்தான் முதலில். முறைக்காரர் விட்டுக் கொடுக்க வேண்டும். முகம் சுளிக்கக் கூடாது. லயத்தில் இருந்தபோதே வந்த விதி. யாரும் மீறியதில்லை.

அந்த மாதம் சீனியின் முறை. சீனி ஆலையில் உடையப்பனோடு வேலை செய்பவர், இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். கலர் டிவிக்குக் கடையில் பேசி வைத்திருந்தார். ஏரியலை முன்கூட்டியே வாங்கிக் கூரையில் கட்டியும் விட்டார். டிவி இல்லாத ஏரியலை அவர் பிள்ளைகள் தினமும் அண்ணாந்து பார்த்தார்கள்.

ராக்காயி துணிப்பையைச் சீனியிடம் நீட்டினார். அந்த வரிசையில் வயதில் மூத்தவர் அவர். கூட்டை நடத்துபவரும் அவரே. உடையப்பன் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, இந்த மாசம் எனக்கு வேணும்லா."

சீனி சிரித்தார். "ஏண்ணே, ஒங்களுக்கும் டிவி ஆசை வந்துருச்சா? எங்க வீட்டுல வந்து பாருங்க. டிக்கட்டா கேக்கப்போறேன்?"

"டிவி இல்ல சீனி. ஆஸ்பத்திரிச் செலவு. புத்துநோயாம்."

அடுத்த வாக்கியத்தை உடையப்பன் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். 'பூனைதான், ஆனாலும் நம்ம தோட்டத்துப் பூனை.' அதைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ராக்காயி நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, என் தம்பி! நான் அப்பவே பாத்தேன்லா! சட்டை தொளதொளன்னு தொங்குதேன்னு பாத்தேன்!"

சட்டை மலிவு விற்பனையில் செல்லாயி வாங்கியது. அந்த அளவுதான் மிச்சம் இருந்தது.

சீனி எழுந்து நின்றார். பையை உடையப்பன் மடியில் வைத்தார். "எடுத்துக்கங்கண்ணே. டிவி எங்க ஓடிப்போவுது."

"சீனி, அது வந்து…"

"பேசாதீங்கண்ணே. பேசுனா நோவும். எங்க இருக்கு?"

எல்லாரும் அவர் உடம்பில் இடம் தேடினார்கள். உடையப்பனின் கை தானாக வயிற்றுக்குப் போனது. தொரை படுக்கும் இடம்.

அவர் பொய் சொல்லவில்லை. கைதான் சொன்னது.

வீட்டில் செல்லாயி நம்பவில்லை. "வயிறா? மத்தியானம் அரைக் கோழி தின்ன வயிறா?"

"நாளைக்குச் சொல்லிர்றேன்."

"இப்பவே போய்ச் சொல்லு."

"காசத் திருப்பிக் கேப்பாங்க."

இரண்டு பேரும் தொரையைப் பார்த்தார்கள். அது புண் காதைப் பின்னங்காலால் சொறிய முயன்று, வலித்து, காலை அந்தரத்திலேயே நிறுத்தி வைத்திருந்தது.

"சரி," என்றார் செல்லாயி. "நாளைக்கே சொல்லிரணும்."

மறுநாள் காலையில் தொரைக்கு அறுவை நடந்தது. அன்று மாலையே ராக்காயி கஞ்சியோடு வந்துவிட்டார்.

கஞ்சிக்குப் பிறகு மைலோ வந்தது. ஹார்லிக்ஸ் வந்தது. ஆரஞ்சு, திராட்சை, பிஸ்கட் தகரம் எல்லாம் வந்தன. மாரடைப்பில் பிழைத்தவர் ஒருவர் வந்து, என்னவெல்லாம் தின்னக் கூடாது என்று விளக்கினார். உடையப்பன் விரும்பித் தின்பதில் ஒன்றும் அந்தப் பட்டியலுக்குத் தப்பவில்லை. செல்லாயி அடுப்பில் ஆட்டுக்கறி வைத்திருந்த நாளில் ராக்காயி மூக்கைச் சுளித்தார். "வயித்து நோவுக்காரன் இருக்கற வீட்டுல என்னாடி இது?" சட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார். சட்டி மறுநாள் கழுவி வந்தது.

ஆலையில் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சீனி சொன்னார். மண்டோர் உடையப்பனை லாரியிலிருந்து இறக்கி வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். லாரிகள் போகும்போது அவர் கையசைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஓட்டுநர்கள் பதிலுக்குக் கையசைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தொரை காதில்லாமல் வீட்டுக்கு வந்தது. உருண்டைத் தலையோடு ஆந்தை மாதிரி இருந்தது. தையலைச் சொறியாமல் இருக்க டாக்டர் கழுத்தைச் சுற்றி அட்டையில் ஒரு கூம்பு மாட்டியிருந்தார். அதோடு கதவில் முட்டியது, நாற்காலியில் முட்டியது. எதில் முட்டினாலும் அதுதான் வழிவிட வேண்டும் என்பது போல நின்றது. வந்தவர்கள் உடையப்பனைப் பார்த்துவிட்டுத் தொரையைப் பார்த்தார்கள்.

"என்னாண்ணே ஆச்சு இதுக்கு?" என்று சீனி கேட்டார். தினமும் இளநீரோடு வருபவர் அவர்.

"சண்டை."

"ரெண்டு காதுமா?"

"பெரிய சண்டை."

சீனி பல்லைக் கடித்தார். "நீங்க இருக்கற நெலமையில ஒங்க பூனையப் போயா கடிக்கணும்? எந்தப் பூனைண்ணே?"

"கருப்பு," என்றார் உடையப்பன். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். ஒவ்வொரு நாளும் ஒரு டின் மைலோ கூடியது. அடுக்கு உயர உயர உண்மை அதற்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. செல்லாயி கேட்பதையும் நிறுத்திவிட்டார். சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு உடையப்பன் படுப்பார். தொரை கூம்போடு வயிற்றில் ஏறும். கூம்பின் விளிம்பு விலாவில் குத்தும். அந்த ஒரு வலி மட்டும் உண்மை.

கடைசியில் டாக்டர் தையலைப் பிரித்தார். கூம்பைக் கழற்றினார். "இனிப் பயமில்லை. வெயிலுக்க மட்டும் விட வேண்டாம்," என்றார். உடையப்பன் கிளினிக்கிலேயே உட்கார்ந்து அழுதார். டாக்டர் அவருக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ராக்காயியிடம் சொன்னார். "டாக்டரு சரியாயிருச்சின்னு சொல்லிட்டாருக்கா."

"அறுத்தாங்களா?"

"அறுத்தாங்க."

"தையலக் காட்டு, பாப்போம்."

"காட்ட முடியாதுக்கா."

ராக்காயி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "அங்கயா? சரி விடு. ஆத்தா காப்பாத்திட்டா. நானும் ஒண்ணு வேண்டியிருக்கேன், கூட்டு பேர்ல. திருவிழாவுல செலுத்திரலாம்."

தோட்டம் போய்விட்டாலும் தோட்டத்துக் கோவில் இருந்தது. ரப்பர் மரம் நின்ற இடத்தில் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது. நடுவில் மாரியம்மன் மட்டும் பழைய இடத்தில் இருந்தாள். ஆண்டுக்கு ஒரு முறை சிதறிப் போனவர்கள் எல்லாம் திருவிழாவுக்குத் திரும்பி வருவார்கள். குனோங் ராபாட்காரர்கள் ஒரு வேன் பிடித்தார்கள்.

வேனில் ராக்காயி கைப்பையைத் திறந்து உருவைக் காட்டினார். எல்லாரும் காசு போட்டு வாங்கியது. கொய்யாப்பழம் அளவில் ஒரு வெள்ளி வயிறு. நடுவில் தொப்புளும் இருந்தது.

"நல்லா அழுத்தமா அடிச்சிருக்கான்லா," என்றார் சீனி. "அண்ணன் வயிறு மாதிரியே இருக்கு."

உடையப்பன் அதைப் பார்த்தார். அதுவரை வராத ஒரு யோசனை அவருக்கு வந்தது. நோவு வந்து போன வயிற்றுக்குத்தான் உரு. நோவே வராத வயிற்றுக்கு உரு வாங்கிக்கொண்டால் ஆத்தா என்ன செய்வாள்? ஆத்தா சும்மா வாங்கிக்கொள்பவள் இல்லை. முதலில் நோவைக் கொடுப்பாள். பிறகு எடுப்பாள். எடுக்க மறந்தாலும் மறந்துவிடுவாள், அவளுக்கு இருக்கும் வேலையில்.

வேன் மேட்டில் ஏறியபோது உடையப்பனுக்கு வயிறு வலிக்கத் தொடங்கியது.

கோவிலில் பூசாரி சன்னாசி. முன்பு ரப்பர் பாலுக்கு மரம் வெட்டியவர். தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் காலையில் வேலையாட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது போல, உரு சாத்துகிறவர் பேரையும் நோவையும் ஊருக்கே கேட்கச் சொல்லித்தான் தட்டில் வாங்குவார். ஆத்தாவுக்கு ஆள் மாறிவிடக் கூடாது என்பது அவர் கட்சி.

"முத்தம்மா! மொழங்கால் நோவு! நீங்கிப்போச்சு!" மேளம் ஒரு தட்டு தட்டியது. முத்தம்மா நொண்டிக்கொண்டு விலகினார்.

ராக்காயி வயிற்றைத் தட்டில் வைத்தார். பூசாரி மூச்சை இழுத்தார்.

"உடையப்பன்! வயித்துல புத்து! நீங்கி…"

"நிறுத்துங்க!"

மேளக்காரன் ஓங்கிய குச்சியை நிறுத்தினான். உடையப்பன் தட்டைப் பிடித்துக்கொண்டு ஆத்தாவைப் பார்த்துக் கத்தினார். "அத வாங்கிக்காத தாயே! என் வயித்துல ஒண்ணும் இல்ல! என்னைக்குமே இருந்ததில்ல! நல்லா செரிக்குது தாயே!"

பூசாரி ராக்காயியைப் பார்த்தார். ராக்காயி உடையப்பனைப் பார்த்தார்.

செல்லாயி முன்னால் வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு சின்ன வெள்ளிக் காதுகளைத் தட்டில் வைத்தார்.

"இதப் போடுங்க சாமி. தொரைக்கு. காதுல புத்து. நீங்கிப்போச்சு."

"எந்தத் தொரை?" என்றார் பூசாரி. "அவருதான் சீமைக்குப் போயிட்டாரே?"

"எங்க பூனை, சாமி."

சீனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "பூனைக்கா? பூனையோட காதுக்கா என் டிவி?"

"சீனி, நான் அன்னைக்கே சொல்ல வந்தேன்…"

"சண்டைன்னு சொன்னீங்களேண்ணே! கருப்புப் பூனைன்னு சொன்னீங்களே! கம்ப எடுத்துக்கிட்டு ஒவ்வொரு சந்தா தேடுனேன்லா நான்! பாசார்ல சீனன் வீட்டுக் கருப்புப் பூனைய வெரட்டப் போயி, அவன் என்னய வெரட்டுனான்!"

யாரோ சிரித்தார்கள். சீனி திரும்பிப் பார்த்ததும் நின்றது.

"பொய் சொல்லிட்டேன் சீனி," என்றார் உடையப்பன். "அது செத்துருமுன்னு பயந்துட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

சீனி ராக்காயி பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கக்கா. பூனைக்கெல்லாம் கூட்டுக் காசு உண்டா?"

ராக்காயி தட்டிலிருந்த வெள்ளிக் காதுகளைப் பார்த்தார். ஆட்டுக்கறிச் சட்டியை நினைத்தாரோ என்னவோ. "விதி என்னா? வீட்டுல நோவுன்னா மொதல்ல. வீட்டுல யாருன்னு விதியில இல்ல."

"அப்ப எங்க கோழிக்குச் சளி புடிச்சா?"

"கோழிய நீ அறுத்துத் திம்ப. அவன் அந்தப் பூனையத் திங்கப் போறானா?"

சீனி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நோவு நெசம்," என்றார் ராக்காயி. "வயிறுதான் பொய். அதுக்குத் தண்டனை உண்டு. மைலோ டின்னு எல்லாம் திரும்பி வரணும்."

"ரெண்டு ஒடைச்சாச்சிக்கா," என்றார் செல்லாயி.

"ஒடைச்சதுக்குப் புதுசு. அடுத்த மாசம் என் மொற. அத சீனி எடுத்துக்கட்டும். உடையப்பன் மொற வரும்போது அத நான் எடுத்துக்குவேன். முடிஞ்சிது."

பூசாரி தட்டை ஆட்டினார். "இந்த வயித்த என்னா பண்றது? தட்டுல வச்சத திருப்பித் தர மாட்டேன்."

எல்லாரும் வயிற்றைப் பார்த்தார்கள். அதை யார் பேரில் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அதை ஏற்க யாருக்கும் தைரியமும் இல்லை. ராக்காயி பூசாரி அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"என் பேர்ல போடுங்க. ரொம்ப நாளா வாய்வு."

"சத்தமாச் சொல்லணுமே."

"மெதுவாச் சொன்னா ஆத்தாவுக்குக் கேக்காதா?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

"ராக்காயி! வாய்வு! நீங்கிப்போச்சு!" பூசாரியின் குரல் செம்பனைக்கு அப்பால் வரை கேட்டது. மேளக்காரன் வேண்டுமென்றே இரண்டு தட்டு தட்டினான்.

திரும்பும்போது வேனில் சீனி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். வழி முழுக்கத் திரும்பவில்லை. உடையப்பனுக்கு வயிற்று வலி போய்விட்டது. பசித்தது. கேட்கத் துணியவில்லை.

மறுநாள் அவர் மைலோ டின்களை ரோத்தான் கூடையில் அடுக்கி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆலையில் லாரி திரும்பக் கிடைத்தது. மற்ற ஓட்டுநர்கள் அவரைப் பார்த்தால் ஹாரன் அடித்துவிட்டு மியாவ் என்றார்கள். சீனி மட்டும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

அடுத்த மாதம் கடை வேன் வந்து சீனி வீட்டு வாசலில் நின்றது. பெட்டியை இறக்க ஒரு கை குறைந்தது. சீனி தெருவைப் பார்த்தார். உடையப்பன் ஏற்கனவே வந்து நின்றிருந்தார். இரண்டு பேரும் பேசாமல் தூக்கி உள்ளே வைத்தார்கள். ஏரியல் கம்பியை உடையப்பன் கூரையில் ஏறி இறக்கிக் கொடுத்தார். படம் வந்ததும் பிள்ளைகள் கத்தினார்கள்.

வெயிலில் விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் செல்லாயி பகலில் தொரையை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தார். பொழுது சாய்ந்த பிறகுதான் கதவைத் திறப்பார். கூரை அதற்குள் ஆறியிருக்கும். சூடான இடம் தேடி வரிசை முழுக்கச் சுற்றிய தொரை, கடைசியில் சீனி வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே போனது. டிவியின் தலை வெதுவெதுப்பாக இருந்தது. மலைப்பாம்பு மாதிரி அதில் சுருண்டுகொண்டது. வால் மட்டும் திரையில் தொங்கியது.

"அண்ணே!" சீனியின் குரல் தெருவெல்லாம் கேட்டது. கோவிலுக்குப் பிறகு அவர் உடையப்பனிடம் பேசிய முதல் வார்த்தை. "ஒங்க தொரைய வந்து தூக்கிட்டுப் போங்கலா! சமாச்சாரம் படிக்கறவருக்கு மீசையா தொங்குது!"

உடையப்பன் ஓடினார். வீட்டுக்குள் போனார். பிள்ளைகள் பாயில் புரண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். சீனி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்களே தூக்கிருக்கலாமே சீனி."

"நான் எப்பிடித் தூக்குவேன்? என் காசுல பொழச்சது. எங்கயாச்சும் வலிச்சிட்டா?"

உடையப்பன் டிவிக்கு முன்னால் நின்று கூப்பிட்டார்.

"தொரை. டேய் தொரை. வாடா."

தொரை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. டாக்டர் சொன்னது சரி. வித்தியாசம் தெரியவில்லை.